செம்மறியும் நாமும்

தோட்டத்துக் கிராணி ஒருவர் செம்மறியாட்டைப்பற்றி எழுதப் புகுவது நேயர்களுக்கு விந்தையாகத் தோன்றக்கூடும். பெரட்டுக் கணக்கும் சம்பளப் பட்டியலும் எழுதிப் பழகிய கைக்கு ஆட்டின் ஈற்றைப்பற்றி என்ன தெரியும் என்று கேட்பார் கேட்கலாம். சில ஆண்டுகளுக்குமுன் நாமே அப்படித்தான் கேட்டிருப்போம். ஆங்கிலப் பள்ளியில் பயின்ற காலத்தில் ஆட்டுக்குட்டியை நாம் படத்திற் கண்டதுண்டு, பாட்டிற் கேட்டதுண்டு. ஒரு சிறுமியின் பின்னே பள்ளிக்கூடம்வரை நடந்துசென்ற அந்த வெள்ளைக் குட்டிக்கு ஒருநாளாவது கழிச்சல் கண்டதாகவோ, அதன் தாய் ஈனமாட்டாமல் இரவெல்லாம் துடித்ததாகவோ அப்பாட்டில் ஒரு சொல்லும் இல்லை.

நாம் பணிபுரிவது கிள்ளானுக்குத் தெற்கே உள்ள ஒரு செம்பனைத் தோட்டம். பழைய பால்மரத் துண்டு ஒன்று இன்னும் வெட்டப்படாமல் அதன் ஓரத்தில் நிற்கிறது. 2020ஆம் ஆண்டு மார்ச் 18ஆம் நாள் நாடெங்கும் நடமாட்டக் கட்டுப்பாடு வந்தபின், பட்டணத்தில் வேலைபார்த்த தோட்டத்துப் பிள்ளைகள் பலர் வேலையிழந்து லயத்திற்குத் திரும்பினர். வீட்டில் வருவாய் குறைந்தது. கையில் பொழுது மிகுந்தது. அவ்வாண்டின் இறுதியில் எட்டுக் குடும்பத்தார் கூடி, சிறுகச் சிறுகச் சேர்த்த பணத்தை ஒன்றாய்ப் போட்டு, பதினான்கு பெட்டைகளையும் ஒரு கிடாயையும் வாங்கினர். நிர்வாகி அனுமதி தந்தார்; பால்மரத்தின் அருகே பரண்போட்ட கொட்டில் ஒன்று எழுந்தது. ஆங்கிலக் குறிப்புகளைப் படித்துப் பொருள் சொல்லவல்லவர் என்ற ஒரே தகுதியால் கணக்கும் மேற்பார்வையும் நம் தலையில் விழுந்தன. அவ்வெட்டில் நம் குடும்பமும் ஒன்று.

பால்மர நிழலில் செம்மறி மேய்ப்பது இந்நாட்டிற்குப் புதிதன்று. 1980களில் ரப்பர் ஆராய்ச்சிக் கழகத்தாரும் பெருந்தோட்டத்தார் சிலரும் இதனை ஊக்கத்தோடு செய்துபார்த்தனர். களைக்கொல்லிக்கும் களையெடுக்கும் கூலிக்கும் போகும் பணத்தை ஆடு மிச்சப்படுத்தும், இறைச்சியும் கிட்டும் என்பது அவர்கள் கருத்து. ‘மாலின்’ என வழங்கும் நாட்டுச் செம்மறி உருவிற் சிறியது, வெப்பத்தைத் தாங்கவல்லது. அதனோடு டார்செட் என்னும் ஆங்கில நாட்டுக் கிடாயைச் சேர்த்துக் கலப்பினமும் உண்டாக்கினர். ஆயினும் அம்முயற்சி எதிர்பார்த்த அளவு பரவவில்லை. இன்றும் இந்நாட்டார் உண்ணும் ஆட்டிறைச்சியில் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கே உள்நாட்டில் விளைவது; எஞ்சியதிற் பெரும்பகுதி ஆஸ்திரேலியாவிலிருந்து வருகிறது. தீபாவளிக்கு நாம் வாங்கும் கறி கடல்கடந்து வந்ததா, உள்ளூரில் மேய்ந்ததா என்று கேட்பவர் எத்தனை பேர்?

நிற்க. நமக்கு இத்துறையில் ஆசிரியராய் வாய்த்தவர் மஸ்ஜித் இந்தியாவில் இருக்கிறார். ஞாயிறுதோறும் கிள்ளானில் இரயிலேறி, பேங்க் நெகாரா நிலையத்தில் இறங்கி, துவாங்கு அப்துல் ரகுமான் சாலையைக் கடந்து அவ்வீதிக்குட் புகுவது நம் நெடுநாள் வழக்கம். 1863ஆம் ஆண்டில் மரத்தாற் கட்டப்பெற்று, 1960களில் இன்றைய கட்டடமாய் எழுந்த பள்ளிவாசலின் பெயரே வீதிக்கும் பெயர். புடவைக் கடை, நகைக்கடை, மல்லிகைச்சரம் தொடுப்போர், அத்தர் விற்போர் இவர்களுக்கு இடையே ஒரு மளிகைக் கடையில் மசாலைப் பொட்டலம் கட்டித் தரும் முதியவர் ஒருவர் உண்டு. எல்லாரும் அவரைப் ‘பாய்’ என்றே அழைப்பர். இராமநாதபுரத்துச் சீமையிற் பிறந்தவர். தகப்பனார் ஆட்டு வியாபாரி. ஆதலின் கீதாரிகள் கிடைபோடும் கரிசற்காட்டிலே, ஆட்டு மந்தையின் நடுவிலே வளர்ந்து, இளம்பருவத்திலே கப்பலேறி வந்தவர். ஒரு ஞாயிறன்று நாம் மிளகாய்த்தூள் வாங்கிக்கொண்டிருக்கையில் ஆட்டைப்பற்றிய பேச்சு வந்தது. பதினைந்தும் நலமாயிருக்கின்றன என்றோம்.

“நலம் என்று யார் சொன்னது, தம்பி? ஆடு சொன்னதா?” என்றார் பாய்.

நாம் விழித்தோம். அவர் பொட்டலத்தைக் கட்டி முடித்துவிட்டுச் சொன்னார்: “செம்மறி நோயை ஒளிக்கிற பிராணி. பின்தங்கினால் நரி பிடிக்கும் என்று அதற்குப் பிறவியிலேயே தெரியும். சாகுமட்டும் மந்தையோடு நின்று மேய்வதாகப் பாவனை காட்டும். தூரத்தில் நின்று எண்ணுகிறவனுக்குப் பதினைந்தும் பதினைந்தாகத்தான் இருக்கும். பிடித்து, கீழிமையைப் பிதுக்கிப் பார்.”

அன்று மாலையே பார்த்தோம். நான்கு ஆடுகளின் கீழிமை, சிவந்திருக்க வேண்டிய இடத்தில் வடித்த சோறுபோல் வெளுத்திருந்தது. அவற்றுள் ஒன்றிற்குத் தாடையின் கீழே நீர்கோத்துப் பைபோல் தொங்கிற்று. அதனைக் கொழுப்பென்று எண்ணி நாம் மகிழ்ந்திருந்தோம்!

இதற்குக் காரணம், ஆட்டின் நான்காம் இரைப்பையிற் பற்றிக்கொண்டு குருதி குடிக்கும் ஒரு புழு. நீளம் ஏறத்தாழ ஓர் அங்குலம். பெண்புழுவின் உடல் சிவப்பும் வெள்ளையுமாய் முறுக்கிய நூல்போலிருக்கும். ஒரு புழு ஒரு நாளிற் குடிக்கும் குருதி மில்லிலிட்டரில் இருபதில் ஒரு பங்குதான். ஆயிரம் புழுக்கள் சேர்ந்தால் நாளொன்றுக்கு 50 மில்லிலிட்டர் ஆகிறது. சிற்றாடு ஒன்று அதனை எத்தனை நாள் தாங்கும்? பெண்புழு நாள்தோறும் ஆயிரக்கணக்கில் முட்டையிடும். அவை பிழுக்கையோடு வெளிப்பட்டு, நம் நாட்டு ஈரத்திலும் வெம்மையிலும் ஒரு வாரத்திற்குள் இளம்புழுக்களாகிப் புல்லின்மேல் ஏறிவிடும். ஆடு புல்லோடு அவற்றையும் மேயும்.

அதுவரை நாம் செய்துவந்தது, மாதந்தவறாமல் எல்லா ஆட்டிற்கும் ஒரே அளவாகப் புழுமருந்து புகட்டியது. அஃது ஒழுங்கான காரியம் என்று நமக்குப் பெருமை வேறு. மருந்து புகட்டிய தேதிகள் ஏட்டில் முத்துமுத்தாய் எழுதப்பட்டிருந்தன. பின்னர் அறிந்தோம்: அவ்வாறு எல்லாவற்றிற்கும் ஓயாது மருந்து கொடுத்தால், மருந்திற்குத் தப்பிய புழுக்களே பெருகி, நாளடைவில் மருந்து வெறுந்தண்ணீராகிவிடும். தென்னாப்பிரிக்கக் கால்நடை வைத்தியர்கள் 1990களில் இதற்கு ஒரு வழி வகுத்தனர். கீழிமையின் நிறத்தைச் செஞ்சிவப்பு முதல் வெள்ளைவரை ஐந்து படிகளாக அட்டையில் அச்சிட்டு, அதனோடு ஒத்துப்பார்த்து, வெளுத்த ஆட்டிற்கு மட்டும் மருந்திடும் முறை அது. ‘ஃபமாச்சா’ என்று அதற்குப் பெயர். கரிசற்காட்டில் அட்டையின்றிச் செய்ததை அவர்கள் அட்டையோடு செய்தனர் என்று பாயிடம் சொன்னபோது அவர் சிரித்தார்.

இப்போது பத்து நாட்களுக்கு ஒருமுறை ஒவ்வோர் ஆட்டையும் பிடித்து இமை பார்க்கிறோம். மேய்ச்சல் நிலத்தைத் துண்டுகளாய்ப் பிரித்து, ஒரு துண்டில் மூன்று நான்கு நாள் மேயவிட்டு, ஐந்து வாரம் அதனை ஒதுக்கி வைக்கிறோம். உண்பாரற்ற இளம்புழு அதற்குள் பெரும்பாலும் மடிந்துபோகும். பனியோடு கூடிய விடியற்காலைப் புல்லிற் செம்மறியை விடுவதில்லை. குளம்பு சீவுதல், தடுப்பூசி போடுதல், பரணின் கீழ்ச் சேரும் பிழுக்கையை வாரிவிடுதல் ஆகியவற்றை யாரும் செய்வர். விரித்து எழுத வேண்டுவதில்லை. பிராக்கியாரியா என்னும் மேய்ச்சற்புல்லை மட்டும் சொல்லிவிடுகிறோம். மாட்டிற்கு ஒத்துக்கொள்ளும் அப்புல் செம்மறியின் ஈரலைக் கெடுத்து, முகத்தை வீங்கவைத்து, வெயில் பட்ட தோலை உரித்துவிடும். 1980களில் செர்டாங்கில் உள்ள பல்கலைக்கழகத்தார் இதனை ஆராய்ந்து எழுதியிருக்கின்றனர். மாட்டிற்கு ஆவது மறிக்கு ஆகாது என்னும் இச்செய்தியை நாம் படித்தும் இருந்தோம். படித்திருந்தும், வேறொரு பொருளில் அதே பிழையைச் செய்தோம் என்பதுதான் இனிச் சொல்லப்போவது.

செம்பனைக் கொட்டையின் பருப்பைப் பிழிந்து எண்ணெய் எடுத்தபின் எஞ்சுவது பிண்ணாக்கு. கிள்ளான் வட்டாரத்தில் மாடு வளர்க்கும் நம்மவர் நெடுங்காலமாய் அதனை மாட்டிற்கு இட்டுவருகின்றனர். மாடும் கொழுக்கிறது, பாலும் கறக்கிறது. விலையோ மலிவு. நமக்குத் தெரிந்த ஒருவர்வாயிலாக அது மேலும் மலிவாகக் கிடைத்தது. ஆங்கிலக் குறிப்பொன்றைப் புரட்டினோம். நூற்றிற் பதினாறு பங்கு புரதம் என்றிருந்தது. அவ்வளவில் ஏட்டை மூடினோம். அடுத்த பக்கத்தைப் புரட்டியிருந்தால் ஐந்து உயிர்கள் தப்பியிருக்கும்.

2021ஆம் ஆண்டின் நடுவிலிருந்து பிண்ணாக்கே முக்கிய தீவனமாயிற்று. ஆடுகள் பளபளத்தன. பங்காளிகள் நம்மைப் புகழ்ந்தனர். லயத்தின் கடைசி வீட்டில் தனித்திருக்கும் ஓர் அம்மையார், பால்வெட்டு வேலையிலிருந்து ஓய்ந்தவர், கணவரை இழந்தவர், நாள்தோறும் ஒரு கட்டுப் புல் அறுத்துவந்து கொடுத்துச் சிறு கூலி பெற்றுச் செல்வார். டிசம்பர் மாதத்தில் ஒருநாள் மாலை அவர் புல்லைப் போட்டுவிட்டுக் கொட்டிலைப் பார்த்து, “ஏயப்பா, என்ன கொழுப்பு! கண்ணே நிறைந்துபோகிறது” என்று சொல்லிச் சென்றார். அச்சொல்லைக் கேட்டவர் மூவர்.

அதன்பின் இரண்டு நாளில், 2021 டிசம்பர் 18ஆம் நாள், சிலாங்கூரில் பெருவெள்ளம் வந்தது நேயர்களுக்கு நினைவிருக்கும். ஷா ஆலமின் ஸ்ரீ மூடாவில் மக்கள் கூரையேறி நின்றனர். நம் கொட்டிலில் நீர் புகவில்லையாயினும், புகுமென்று அஞ்சி இரவோடிரவாக ஆடுகளை மேட்டிற்கு ஓட்டினோம். இரண்டு நாள் மழையிலும் குளிரிலும் பட்டினியிலும் நின்றன. திரும்பக் கொட்டிலுக்கு வந்த மூன்றாம் நாள் ஒரு பெட்டை தலை தொங்கி நின்றது. கண்ணின் வெள்ளை மஞ்சளாயிருந்தது. சிறுநீர் காப்பித்தண்ணீரின் நிறம். மறுநாட் காலையில் இறந்தது. அவ்வாரத்திற்குள் இன்னும் நான்கு. யாவும் சினையாடுகள்.

லயத்தில் பேச்சு எழ அதிக நேரமாகவில்லை. கடைசி வீட்டு அம்மையாரின் கண் பட்டுவிட்டது என்றனர். கொட்டிலின் பக்கம் வரலாகாதென்று அவருக்குச் சொல்லப்பட்டது. அதுவும் நேரிற் சொல்லவில்லை. அவர் வரும் நேரம் பார்த்து வாயிலில் எலுமிச்சையும் மிளகாயும் கட்டி, அவர் காண நின்றனர். அவர் புற்கட்டை அங்கேயே இறக்கிவைத்துவிட்டுத் திரும்பிப் போனார். அன்றைய கூலியை வாங்கவில்லை.

ஐந்தாவது ஆட்டை அறுத்துப் பார்த்த கால்நடை வைத்தியர் தொலைபேசியில் நம்மிடம் ஆங்கிலத்திற் பேசினார். ஈரல் மஞ்சளித்திருந்தது, சிறுநீரகம் கறுத்துப்போயிருந்தது, சந்தேகத்திற்கு இடமில்லை, செம்பு நஞ்சு என்றார். என்ன தீவனம் என்று கேட்டார். சொன்னோம். சற்றுநேரம் அவர் பேசவில்லை.

செம்பனைப் பிண்ணாக்கில் கிலோ ஒன்றிற்கு ஏறத்தாழ 20 முதல் 30 மில்லிகிராம் செம்பு உண்டு. மாட்டின் உடல் மிகுந்த செம்பைப் பித்தநீரோடு வெளியேற்றிவிடும்; வெள்ளாடுங்கூட ஓரளவு தாங்கும். செம்மறியின் ஈரலோ, கருமி காசைப் புதைப்பதுபோல், வந்த செம்பையெல்லாம் சேர்த்துவைக்கும். மாதக்கணக்கில் வெளியே ஒரு குறியும் தோன்றாது. ஆடு கொழுத்தே காணப்படும். பின் ஒருநாள் பசி, பயணம், மழை, அச்சம் எதனாலேனும் உடல் அதிர்ந்தால், சேர்த்துவைத்த செம்பு ஒருசேரக் குருதியிற் பாய்ந்து சிவப்பணுக்களை உடைத்துவிடும். சிறுநீர் கறுப்பது அதனால்தான். இந்நாட்டில் இது பலகாலம் அறியப்பட்ட நோய். பிண்ணாக்கோடு துத்தநாகம் சேர்த்துக் கொடுத்தால் இக்கேட்டைத் தடுக்கலாம் என்று செர்டாங்கு அறிஞர்கள் 1995ஆம் ஆண்டிலேயே எழுதியிருந்தனர். நாம் மூடிவைத்த ஏட்டின் அடுத்த பக்கத்தில், செம்மறிக்கு இடும்போது எச்சரிக்கை தேவை என்று ஒரு வரியும் இருந்தது. பாய்க்கும் இது தெரியாது. அவர் ஊரிற் கடலைப் பிண்ணாக்கு உண்டு, செம்பனை ஏது?

பிண்ணாக்கை அன்றே நிறுத்தினோம். எஞ்சிய ஆடுகளுக்கு வைத்தியர் மாலிப்டின உப்பு கலந்த மருந்து கொடுத்துக் காப்பாற்றினார். ஆயினும் காரணத்தைப் பங்காளிகளிடம் சொல்ல நமக்கு வாய் எழவில்லை. “நோய்தான், வைத்தியர் மருந்து கொடுத்துவிட்டார்” என்று மழுப்பினோம். நான்கு நாட்கள் சென்றன. அந்நான்கு நாட்களும் அம்மையார் தம் வீட்டு வாயிற்படியில் உட்கார்ந்திருப்பதை ஆபீசுக்குப் போகையிலும் வருகையிலும் கண்டோம். அவர் நம்மைப் பார்த்து எப்போதும்போல் எழுந்து நின்றார். மூடநம்பிக்கையைப்பற்றி மேடையேறிப் பேசச் சொன்னால் நாம் ஒருமணி நேரம் பேசுவோம். அப்படிப்பட்ட நமக்கு அந்த வீண்பழி ஒரு வசதியாயிருந்தது என்பதை இங்கே எழுதும்போதும் கை கூசுகிறது.

ஐந்தாம் நாள் மாலை எட்டுக் குடும்பத்தாரையும் கூட்டிச் சொன்னோம். ஒருவர் மட்டும், “கிராணியார் படித்தவர், தெரியாமலா கொடுப்பார்?” என்றார். அது நமக்குச் சார்பாகச் சொன்னதா, குத்தலா என்று இன்றுவரை விளங்கவில்லை. இறந்த ஆடுகளின் விலையிற் பாதியை நாம் ஏற்றோம். எலுமிச்சையை அவிழ்த்தவர் சிலர். “இரண்டும் இருந்துபோகட்டும்” என்று விட்டவர் சிலர். அம்மையார் வீட்டிற்கு நாமே சென்று நடந்ததைச் சொன்னோம். அவர் முழுதுங் கேட்டுவிட்டு, “தண்ணீர் குடிக்கிறீர்களா?” என்று மட்டும் கேட்டார். புல் அறுத்துவர மீண்டும் சம்மதிக்கவில்லை.

இனி ஈற்றைப்பற்றி. செம்மறியின் சினைக்காலம் ஏறத்தாழ 147 நாட்கள். இதில் கடைசி ஆறு வாரமே கவலைக்குரிய காலம். குட்டியின் வளர்ச்சியிற் பெரும்பங்கு அப்போதுதான் நிகழ்கிறது. இரட்டைக்குட்டி சுமக்கும் ஆட்டிற்கு வயிற்றில் இடம் குறைந்து தீனி செல்லாது. அந்நேரத்தில் நல்ல தானியம் சிறிதளவேனும் கொடாவிட்டால், தன் கொழுப்பையே கரைத்துண்டு, நஞ்சேறி, கண் தெரியாததுபோல் சுவரில் முட்டி நின்று வீழும். குடற்புழுவும் அப்பருவத்திலே பெருகும். ஆதலின் ஈனுமுன் இமை பார்ப்பது இன்றியமையாதது. 2021இல் நம் முதல் ஈற்றில் பிறந்த குட்டிகளில் மூன்றை இழந்தோம். யாவும் பிறந்த இரண்டு நாளில் ஓய்ந்தவை. சீம்பால் கட்டி என்று எண்ணி ஒருவர் கறந்து கொட்டியிருந்தார். தாயின் நோயெதிர்ப்பு வலிமை குட்டிக்குக் கருப்பையில் வருவதில்லை. அச்சீம்பாலின்வழியே, அதுவும் பிறந்த முதற் சில மணி நேரத்திற்குள்ளாகவே, சேரவேண்டும். பிறந்த குட்டிக்குத் தன் எடையில் கிலோவிற்கு 50 மில்லிலிட்டர் வீதம் ஒரு வேளைக்கு வேண்டும். இரண்டு கிலோக் குட்டிக்கு 100. குடித்ததா என்று ஊகிக்காமல் வயிற்றைத் தொட்டுப் பார்ப்பது நலம்.

2022ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில் ஓரிரவு. வயிறு பெருத்த பெட்டை ஒன்று மாலைமுதல் தனித்து நின்று தரையைக் காலாற் கீறிக்கொண்டிருந்தது. ஒன்பது மணிக்குப் பனிக்குடம் உடைந்தது. முறையான ஈற்றில் இரண்டு முன்னங்கால்களும், அவற்றின்மேல் மூக்கும், கும்பிட்டபடி நுழைவதுபோல் வெளிவரும். இங்கே கால்கள் மட்டும் வந்தன, மூக்கைக் காணோம். ஒரு மணி நேரம் கழிந்தது. கால்நடை வைத்தியர் வெளியூரில் இருந்தார். விடிந்தபின்தான் வரக்கூடும் என்றார். மஸ்ஜித் இந்தியாவிற்குத் தொலைபேசியில் அழைத்தோம். கடை மூடும் நேரம், பாய் எடுத்தார்.

“முன்னங்காலா, பின்னங்காலா? இரண்டு மூட்டையும் மடக்கிப் பார். ஒரே பக்கமாக மடங்கினால் முன்னங்கால். எதிரெதிராக மடங்கினால் பின்னங்கால்.”

ஒரே பக்கமாக மடங்கின.

“அப்படியானால் தலை பின்னோக்கித் திரும்பிக் கிடக்கிறது. இழுக்காதே, தம்பி, இழுத்தால் தாயும் போகும். காலிற் சுருக்குப் போட்டு வைத்துக்கொண்டு குட்டியை உள்ளே தள்ளு. ஆடு முக்கும்போது தள்ளாதே. மூச்சு விடும்போது தள்ளு. இடங்கிடைத்ததும் தலையைத் தேடு.”

நம் கை செல்லவில்லை. முயன்றதில் ஆடு அலறியதுதான் மிச்சம். “சின்னக் கை உள்ள பெண்பிள்ளை யாருமில்லையா?” என்றார் பாய். பங்காளி ஒருவரின் மருமகள் முன்வந்தார். அவர் ஐந்துமாதக் கர்ப்பிணி. ஈனும் ஆட்டின் நீரிலும் நஞ்சிலும் கருவைச் சிதைக்கும் நோய்க்கிருமிகள் இருக்கக்கூடும். கர்ப்பிணிகள் அருகே வரலாகாது. அவரை வீட்டிற்கு அனுப்பினோம். நாள்தோறும் புற்கட்டை அவிழ்த்த ஒரு சிறிய கை அப்போது நம் நினைவிற்கு வந்தது.

கதவைத் தட்டியபோது அம்மையார் விழித்தேயிருந்தார். ஆட்டின் குரல் அவ்வளவு தூரம் கேட்டிருக்கிறது. வந்த காரியத்தைச் சொன்னோம்.

“நான் வந்தால் கண் பட்டுவிடுமே, கிராணியார்?”

நாம் மறுமொழி சொல்லவில்லை. சொல்ல ஒன்றுமில்லை. அவர் சேலைத்தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு வெளியே வந்தார்.

நகம் வெட்டி, முழங்கைவரை சோப்புப் போட்டுக் கழுவி, தேங்காயெண்ணெய் தடவிக்கொண்டார். தொலைபேசியை நாம் அவர் காதருகே பிடித்திருந்தோம். பாய் சொல்லச் சொல்ல அவர் செய்தார். சிறிதுநேரத்தில் பாய் சொல்வதை நிறுத்திவிட்டார், அம்மையார்தாம், “காது தெரிகிறது... இதோ தாடை... பல் கடிக்கிறது” என்று சொல்லிக்கொண்டே போனார். குட்டியின் மூக்கைக் கையால் மூடிப் பிடித்து, தாயின் உட்புறம் கிழியாதபடி தலையைத் திருப்பிக் கொண்டுவர இருபது நிமிடமாயிற்று. பின் ஆடு முக்க, அவர் கீழ்நோக்கி மெல்ல இழுக்க, குட்டி வந்து விழுந்தது. நாக்கு வீங்கி நீலித்திருந்தது, மூச்சில்லை. அவர் மூக்கின் கோழையை வழித்தெறிந்து, ஒரு வைக்கோலை மூக்கினுள் விட்டுச் சுழற்றி, சாக்கினால் விலாவைத் தேய்தேயென்று தேய்த்தார். குட்டி தும்மிற்று.

இரண்டாம் குட்டி பின்னங்கால் முன்னாக எளிதில் வந்தது. அதற்கு உயிரில்லை. எப்போது இறந்ததோ, நாம் வீணாக்கிய ஒரு மணி நேரத்திலோ அதற்கு முன்னரோ, யார் சொல்லவல்லார்?

உயிரோடிருந்த குட்டியின் தொப்புளில் அயோடின் தோய்த்தோம். வீங்கிய நாக்கினால் அதற்குச் சப்பத் தெரியவில்லை. சீம்பாலைக் கறந்து, அம்மையார் மடியில் வைத்துக்கொண்டு சொட்டுச்சொட்டாகப் புகட்டினார். 100 மில்லிலிட்டர் உள்ளே செல்லப் பொழுது புலர்ந்துவிட்டது. நஞ்சுக்கொடி தானாகவே விழுந்தது. அதனை இழுக்கலாகாதென்று பாய் முன்பே எச்சரித்திருந்தார். தொலைபேசி எப்போது அணைந்தது என்று நமக்குத் தெரியாது.

காலையிற் பங்காளிகள் ஒவ்வொருவராய் வந்தனர். வெள்ளத்தின்போது எலுமிச்சை கட்டியவர் முதலில் வந்து, குட்டி நிற்க முயன்று விழுவதையும் மீண்டும் நிற்பதையும் பார்த்துக்கொண்டு பேசாதிருந்தார். வீட்டிற்குச் சென்ற அம்மையார் குளித்துத் திரும்பி வந்தார். கையில் ஒரு கறுப்புக் கயிறு. அதில் ஒரு பாசிமணி. அதனைக் குட்டியின் கழுத்தில் தாமே கட்டினார். நாம் அவரைப் பார்த்தோம்.

“எதற்கும் இருக்கட்டும், கிராணியார். ஊர்க்கண் பொல்லாதது” என்றார்.

நாம் தாயாட்டைப் பிடித்துக் கீழிமையைப் பிதுக்கினோம். வெளிறிய சிவப்பு, மூன்றாம் படி. ஏட்டில் மூன்று என்று குறித்துக்கொண்டு ஆபீசுக்குப் புறப்பட்டோம்.